வெளிர் பச்சை ரேபர்ன், கிரீம் ஆகா: மலையகக் குசினியில் எது உழைக்கும்?

மலையகத்தில் பழைய பங்களாச் சாமான் கைமாறும் இடங்களில் எப்போதாவது ரேபர்ன், ஆகா என்ற பெயருள்ள, எனாமல் பூசிய பழைய பிரிட்டிஷ் வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று வந்து நிற்கும். வெளிர் பச்சை, கிரீம், சில வேளை வெளிர் நீலம். பக்கத்தில் எனாமல் இல்லாத டோவர் ஸ்டவ் என்ற இரும்பு விறகடுப்பு கன்னங்கரேலென்று நிற்கையில், இதைப் பார்த்த கண்ணை எடுப்பது கஷ்டம்தான். விற்கிறவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நுவரெலியா, கந்தப்பளை, பொகவந்தலாவை போன்ற குளிர் ஊர்களில் தினமும் சமைக்க வாங்குவதென்றால் விறகு எரிக்கும் ரேபர்னை வாங்குங்கள். ஆகா பார்க்க அழகு, எரிக்கச் சிரமம். ஐம்பதுகளின் பிரிட்டிஷ் கேஸ் குக்கரை ஜெட் (வாயு வெளிவரும் சிறு துளையுள்ள திருகு) மாற்றினால் மட்டுமே பாவிக்கலாம். அமெரிக்க மின்சார அடுப்பு காட்சிக்கும் எப்போதாவது ஒரு கேக்குக்கும் மட்டும். கண்டியிலோ பதுளையிலோ இருப்பவர்களுக்கு விறகு வகை எதுவும் சரிவராது. இவை சமைக்கிற நேரம் மட்டும் சூடாகி ஆறுகிற அடுப்புகள் அல்ல. நாள் முழுக்கக் குசினியைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் அது வரம், கண்டியின் 500 மீற்றரில் தண்டனை.

வயதைப் பற்றிக் கடையில் சொல்லப்படும் கதைகளை அப்படியே நம்பவேண்டாம். ஆகாவை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டு குஸ்தாவ் டாலன். 1912இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர், அதே ஆண்டில் ஒரு வெடிவிபத்தில் பார்வையை இழந்தவர். அடுப்பு 1922இல் வந்தது, இங்கிலாந்தில் 1929 முதல் செய்யப்பட்டது. 1956 வரை கிரீம் நிறம் மட்டும்தான். வெளிர் நீலம், வெளிர் பச்சை, சாம்பல், வெள்ளை எல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே ‘முப்பதுகளின் நீல ஆகா’ என்று ஒருவர் காட்டினால், ஒன்று வயது பிழை, இல்லாவிட்டால் நிறம் பிழை. ரேபர்ன் சந்தைக்கு வந்ததே 1946இல். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ரேபர்ன் என்று ஒன்று கிடையாது.

எனாமலை முதலில் பாருங்கள்

‘நிறத்தைப் பார்க்காதே, இரும்பைப் பார்’ என்பது இந்த அடுப்புகளைப் பற்றி எல்லோரும் சொல்லும் புத்திமதி. எங்களுக்கு அதில் பாதிதான் உடன்பாடு. நெருப்பைத் தாங்கும் கம்பித்தட்டு உருகிப் போயிருந்தால் வார்க்கலாம். உள்ளே இருக்கும் நெருப்புச் செங்கல் நொறுங்கியிருந்தால் மாற்றலாம். கதவிடுக்கை அடைக்கும் கயிறு, பிணைச்சல் ஆணி, புகைக்குழாய் எல்லாம் ஹட்டனிலோ கண்டியிலோ ஒரு கெட்டிக்கார பாஸின் கையில் முடிகிற வேலை. எனாமல் அப்படியல்ல. அது பெயின்ட் இல்லை, இரும்பின் மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி. தூளாக்கிய கண்ணாடியை நிறக்கலவையோடு பூசி, அடுப்பை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, 800 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் சுட்டெடுக்கவேண்டும். வெல்டிங் பட்டறையில் அதற்கான சூளை இராது. போன எனாமல் போனதுதான். உள்ளே எல்லாம் கெட்டு வெளியே எனாமல் முழுசாக இருக்கும் அடுப்புக்கு, உள்ளே எல்லாம் நன்றாக இருந்து வெளியே டிங்கரிங் பட்டறையில் கார் பெயின்ட் அடித்த அடுப்பைவிட அதிகம் கொடுக்கலாம்.

பெயின்ட் அடித்ததா, அசல் எனாமலா என்று கண்டுபிடிப்பது லேசு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் ஒரு துண்டுப் பஞ்சை நனைத்து, பின்பக்க மூலையில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெயின்ட் என்றால் பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறும். எனாமலுக்கு ஒன்றும் ஆகாது. அசிட்டோன் இல்லையென்றால் ஏற்கெனவே உடைந்திருக்கும் ஓர் இடத்தைத் தேடுங்கள். கதவுப் பிடியின் அடியிலும் முன் விளிம்பிலும் எப்படியும் ஒன்று கிடைக்கும். அசல் எனாமல் போத்தல் ஓடு மாதிரிக் கூர் விளிம்போடு உடைந்திருக்கும். மேலே வெளிர் பச்சை, அதற்குக் கீழே பெரும்பாலும் கருநீலமாக ஓர் அடிப்பூச்சு, அதற்கும் கீழே இரும்பு என்று அடுக்கடுக்காகத் தெரியும். பெயின்டின் விளிம்பு மழுங்கலாக, நகத்தால் கிளப்பினால் தோலாக உரியும். பெயின்ட் அடித்த அடுப்பை மூட்டிச் சில மணி நேரத்தில் சட்டி வைக்கும் மேல் தட்டான ஹொட்பிளேட்டைச் சுற்றிக் கொப்பளம் போட்டு, குசினி முழுக்க நாறும். ஒரு சமையல் போதும், விற்றவரின் குட்டு வெளிப்பட.

முடிமுடியாக ஓடும் மெல்லிய கீறல்கள் பயப்படவேண்டியவை அல்ல. சூடேறி ஆறிய பழைய எனாமலில் அது சாதாரணம். அந்தக் கீறலின் இரு பக்கமும் பழுப்பாக இருந்தால் துரு கீழே பரவிவிட்டது. விரல்நுனியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கிற இடம் இன்றைக்கோ நாளைக்கோ கழன்று விழும்.

வீட்டுக்கு வந்தபின் எனாமலைக் கெடுப்பது பெரும்பாலும் புளியும் தேசிக்காயும் பாலும்தான். பழைய எனாமல் அமிலத்தைத் தாங்காது. புளிக்கரைசல் சிந்தி இரவு முழுக்கக் கிடந்தால் அந்த இடம் பளபளப்பை இழந்து மங்கும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் திரும்பி வராது. சிந்திய உடனே துடைக்கவேண்டும், ஆனால் சூடாக இருக்கும்போது ஈரத்துணி போடக்கூடாது, கண்ணாடி வெடிக்கும். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, ஆறியபின் அப்பச்சோடாவை இளஞ்சூட்டு நீரில் குழைத்துத் துடைத்தால் போதும். கம்பி நாரும் கோஸ்டிக் சோடாவும் கிட்டவே வரக்கூடாது.

உள்ளே பார்க்கவேண்டியவை

விலை பேசுமுன் ஒரு டோர்ச், ஒரு சின்ன ஸ்பேனர், ஒரு நேர்க்கோல், ஒரு பத்திரிகைத் துண்டு. இவ்வளவும் போதும்.

ஸ்பேனரால் வார்ப்பிரும்புப் பாகங்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். நல்லது மணியடிக்கும், வெடித்தது ‘டொக்’கென்று அடங்கும். வார்ப்பிரும்பு வெடிப்பை ஒட்டவைக்கிறேன் என்று சாதாரண வெல்டிங் ராடால் போடுகிறவர்கள் உண்டு. நெருப்பறைப் பக்கம் அது ஒரு மாதம்கூடத் தாங்காது; ஒட்டின இடத்துக்கு அருகிலேயே மறுபடி வெடிக்கும். நெருப்பறைக்கும் போறணைக்கும் நடுவே இருக்கும் சுவர்தான் முக்கியம். இருட்டான இடத்தில் டோர்ச்சை எரியவிட்டு நெருப்பறைக்குள் வைத்து, போறணைக் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் கேக்கில் புகைவாசம் வரும். மூட்டுகளில் தெரிந்தால் பழைய பூச்சைச் சுரண்டி ஃபயர் சிமென்ட் வைத்தால் சரி. தகட்டின் நடுவில் தெரிந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

ஹொட்பிளேட்டின் மேல் நேர்க்கோலைக் குறுக்காக வையுங்கள். நடுவில் ஒரு மில்லிமீற்றர் பள்ளம் பரவாயில்லை. மூன்று மில்லிமீற்றர் என்றால் தட்டை அடிச் சட்டி சரியாக உட்காராது, சூடு ஏறாது. பொங்கிய கஞ்சியும் குளிர் நீரும் பழுக்கக் காய்ந்த இரும்பில் திரும்பத் திரும்ப விழுந்ததன் விளைவு அது.

கதவு இறுக்கத்துக்குப் பத்திரிகைத் துண்டு. கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். கிழிகிற அளவுக்குப் பிடித்தால் நல்லது, சும்மா வழுக்கி வந்தால் கயிறு செத்துவிட்டது. அந்தப் பழைய கயிறும், உள்ளே அடைத்திருக்கும் வெள்ளைப் பஞ்சு போன்றதும் அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, முகக்கவசம் போட்டு, துண்டாகவே எடுத்து, இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரம் வெளியே வைத்துச் செய்யவேண்டிய வேலை. பதிலுக்குக் கண்ணாடிநார்க் கயிறு போடலாம், ஆனால் பழைய கயிற்றின் தடிப்பை அளந்து அதே தடிப்பில். கூடினால் கதவு மூடாது, பிணைச்சல் வளையும்.

கம்பித்தட்டு தொய்ந்திருப்பதைக் கண்டு விலையைக் குறையுங்கள், வாங்குவதை நிறுத்தவேண்டாம். சாம்பல் தட்டை நாட்கணக்கில் காலி செய்யாமல் விட்டதால் வந்த நோய் அது. சாம்பல் குவிந்து கம்பியைத் தொட்டால் அடியிலிருந்து காற்று வராது. கம்பியைக் குளிர்விப்பதே அந்தக் காற்றுதான். பழைய தட்டையே அச்சாகக் கொடுத்து மணல் வார்ப்பில் புதிது செய்விக்கலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். 300 மில்லிமீற்றர் தட்டு 3 மில்லிமீற்றர் குறைந்து வரும். முனைகளில் அந்த அளவுக்கு மெழுகோ பலகையோ ஒட்டிக் கொடுக்கவேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் புதுத்தட்டு ஏந்தலில் நிற்காமல் கீழே விழும்.

பொய்லர் உயிருக்கு ஆபத்தான பாகம்

பல ரேபர்ன்களில் நெருப்பறைக்குப் பின்னால் சுடுநீர்ப் பொய்லர் ஒன்று இருக்கும். பங்களாவில் இருந்தபோது அது குளியலறைத் தாங்கிக்குக் குழாயால் இணைத்திருந்தது. கழற்றிக் கொண்டுவரும்போது குழாயை அறுத்து, ஒழுகாமலிருக்க இரண்டு முனையையும் அடைத்துவிடுவார்கள். இதைவிடப் பயங்கரமான வேலை வேறில்லை. உள்ளே கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்து நெருப்பு மூட்டினால், நீராவி போக வழியில்லாமல் வார்ப்பிரும்பு குண்டாக வெடிக்கும். வாங்கியவுடன், மூட்டுவதற்கு முன், அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சுடுநீர் வேண்டாதவர்கள் பொய்லரைக் கழற்றி எடுத்து, அந்த இடத்தை நெருப்புச் செங்கலால் நிரப்புவதுதான் உத்தமம். இன்னொரு நன்மையும் உண்டு: பொய்லர் உறிஞ்சிய சூடு போறணைக்குப் போகும். சுடுநீர் வேண்டுமென்றால் பிளம்பிங் தெரிந்தவரைக் கொண்டு, தாங்கி பொய்லரைவிட உயரத்தில், குழாய் ஏறுமுகமாக, மேலே திறந்த காற்றுக்குழாயோடு அமைக்கவேண்டும். நடுவில் எந்த வால்வும் கூடாது. தண்ணீர் இல்லாமல் மூட்டி, சூடேறிய பிறகு தண்ணீர் விட்டால் பொய்லர் பிளக்கும்.

புகைக்குழாய்

‘அடுப்பு இழுக்கவில்லை’ என்ற முறைப்பாட்டில் பெரும்பாலானவை அடுப்பின் குற்றமல்ல. குழாய் 150 மில்லிமீற்றர் விட்டம், அடுப்பின் மேலிருந்து குறைந்தது 4.5 மீற்றர் உயரம், கூரை முகட்டைவிட 60 சென்றிமீற்றராவது மேலே. வளைவு தவிர்க்கமுடியாவிட்டால் 45 பாகையில் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். தகரக் கூரைக்கு மேலே ஒரு முழம் நீட்டிவிட்டு ‘போதும்’ என்பவர்கள்தான் ஹப்புத்தளைக் காற்றடிக்கும்போது புகையைக் குசினிக்குள் திருப்பிக் குடிப்பவர்கள்.

கல்வனைஸ் குழாய் மலிவு, ஆனால் அடுப்புக்கு அருகில் போடக்கூடாது. அதிக சூட்டில் துத்தநாகப் புகை வரும், ஈரப்புகையின் அமிலம் உள்ளிருந்து அரிக்கும். முதல் இரண்டு மீற்றருக்கு வார்ப்பிரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ். பழைய பங்களாக்களின் பலகைச் சீலிங்கில் துளைபோட்டு ஒற்றைக் குழாயை நுழைப்பது வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். குழாயின் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு, அதாவது 45 சென்றிமீற்றர் தூரத்துக்குப் பலகை இருக்கக்கூடாது. குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்த குசினியில் ஒரு காற்றுத்துளை கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் காபன் மொனொக்சைட்டுக்குக் கதவு திறந்த மாதிரி. இரவில் டம்பரை (புகைக்குழாயை அடக்கும் தகட்டை) முழுதாக மூடிவிட்டுத் தூங்குவதும் அதே ஆபத்துத்தான்.

விறகு

மலையகத்தில் சும்மா கிடைப்பது மிலாறு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியதும் (கத்தரித்ததும்) மிஞ்சும் கிளைகள் அவை; கட்டுக்கட்டாகக் கிடைக்கும். நன்றாகக் காய்ந்தால் கடும் சூடு தரும், ஆனால் மெல்லிசு, சீக்கிரம் தீரும். மூட்டவும், காலையில் ரொட்டி சுடவும் அதற்கு நிகரில்லை. போறணையை இரண்டு மணி நேரம் ஒரே சூட்டில் வைத்திருக்க மட்டும் மிலாற்றை நம்பினால் பத்து நிமிடத்துக்கொரு தடவை அடுப்படியில் நிற்கவேண்டிவரும். அதற்கு மணிக்கட்டுத் தடிப்பில் பிளந்த சவுக்கு, இல்லையென்றால் யூக்கலிப்டஸ், 25 முதல் 30 சென்றிமீற்றர் நீளத்தில்.

இங்கே சவுக்கு என்பது தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியா. அது பிளக்க லேசு, சாம்பல் குறைவு. யூக்கலிப்டஸ் பச்சையில் பிளக்கவேண்டும். காய்ந்தபின் கோடரியைப் பிடித்துக்கொள்ளும். எதுவானாலும் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே வரவேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை பெய்கிற மழையில் திறந்த வெளியில் வைத்த விறகு காயாது. பக்கம் திறந்து மேலே மூடிய இடத்தில் ஒரு வருடம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும்.

ஈர விறகு எரித்தால் சூடு பாதியாகக் குறைவது ஒரு நஷ்டம். பெரிய நஷ்டம் குழாய்க்குள். ஆவியும் தாரும் குளிர்ந்த குழாயில் படிந்து கறுப்புப் பிசினாகும், ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை குழாயைத் துலக்கவேண்டும். தட்டும்போது விழுவது காய்ந்த கரித்தூள் என்றால் நல்லது. பளபளப்பான கறுப்புச் சில்லு என்றால் விறகை மாற்றுங்கள், அல்லது இரவில் அடக்கி எரிப்பதை நிறுத்துங்கள்.

சமையல்

காற்றுத் திருகையும் டம்பரையும் முழுக்கத் திறந்து, பத்திரிகைத்தாள், கைப்பிடி மிலாறு, மேலே இரண்டு சின்ன விறகு. இருபது நிமிடத்தில் தணல் பிடித்ததும் மூன்று பிளவு விறகு போட்டு, திருகைப் பாதிக்கு அடக்கவேண்டும். குளிர்ந்த அடுப்பிலிருந்து போறணை 180 பாகைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு விறகைத் திணித்தால் ஹொட்பிளேட்தான் பழுக்குமே தவிரப் போறணை ஏறாது. இரும்பு மெதுவாகத்தான் குடிக்கும். கதவிலுள்ள சூடு காட்டும் முள் பழைய அடுப்புகளில் சும்மா அலங்காரம். உள்ளே தொங்கவிடும் தனி வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள்.

ரேபர்னின் ஹொட்பிளேட்டில் நெருப்பறைக்கு மேலுள்ள பக்கம் கொதிக்க, மறு முனை வேக. இந்தச் சரிவைப் பழகிக்கொண்டால் பாதிச் சமையல் தெரிந்த மாதிரி. தேங்காய் ரொட்டிக்குத் தட்டே தோசைக்கல். இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் துருவிய தேங்காய், உப்பு, பச்சைமிளகாய், வெங்காயம், இளஞ்சூட்டு நீரில் பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்து, ஒரு சென்றிமீற்றர் தடிப்பில் தட்டுங்கள். ஹொட்பிளேட்டைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் துடைத்து, நீர்த்துளி ஒன்று விடுங்கள். துளி உருண்டு ஓடினால் சூடு அதிகம், ஒரே இடத்தில் சீறி மறைந்தால் சரி. நடுவுக்கும் மறு முனைக்கும் இடையில் எண்ணெய் இல்லாமல் போட்டு, ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம். நெருப்புப் பக்கம் போட்டால் வெளியே கருகி, நடுவில் மா பச்சையாக நிற்கும். கேஸ் அடுப்பில் சுட்ட ரொட்டிக்கு இந்தப் பொருக்கும் மணமும் வராது. ரேபர்னுக்கு நாங்கள் கொடுக்கும் புள்ளியில் பாதி இந்த ரொட்டிக்காகத்தான்.

பாணுக்கு 220 பாகை. 450 கிராம் மாவுருண்டை இரண்டு, மேல் தட்டுக்கு ஒன்று கீழே, 30 முதல் 35 நிமிடம். நெருப்பறை ஒட்டிய பக்கம் எப்போதும் சூடு கூட. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பாவிட்டால் ஒரு பக்கம் கறுக்கும். பாண் எடுத்தபின் விறகு போடாமல் விட்டால் சூடு மெல்ல இறங்கும். 150இல் வந்து நிற்கும்போது லவ் கேக் போகலாம். ரவையும் கஜுவும் முட்டையும் சேர்ந்த அந்த ஈரக் கலவைக்கு, ஏறும் சூட்டைவிட இறங்கும் சூடே பொருத்தம். மேல் பழுக்குமுன் நடு வெந்துவிடும். மேலே பழுப்புத்தாள் ஒன்று மூடினால் இன்னும் நல்லது. பேக்கிங் பவுடர் போடும் சாதாரண கேக்குக்கு நுவரெலியா உயரத்தில் அதில் கால்வாசியைக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைக் கூட்டுங்கள். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் கேக் வேகமாகப் பொங்கி, வேகுமுன் அமுங்கிவிடும்.

பருப்பு, கௌபி, கடலை வேகாததற்கு அடுப்பைத் திட்டவேண்டாம். நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கிறது. எவ்வளவு விறகு போட்டாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் ஏறாது. பிரஷர் குக்கர் ஒரு வழி. இன்னொரு வழி, ஊறவைத்த கௌபியைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தோடு இரவில் போறணைக்குள் தள்ளிவிடுவது. விடியும்போது வெண்ணெயாக இருக்கும். பத்து நிமிடக் கொதி முக்கியம், குறிப்பாக ராஜ்மா போன்ற சிவப்பு அவரைகளுக்கு. கொதிக்காமல் மந்தச் சூட்டில் வேகவைத்தால் வயிற்றைப் புரட்டும்.

மற்றவை

ஆகாவின் குறை அதன் குணம். கோக் அல்லது அந்திரசைட் நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக, அணையாமல், இரவும் பகலும் எரிக்கச் செய்த அடுப்பு அது. அந்த எரிபொருளை மலையகத்தில் தேடிப் பயனில்லை. சிறிய ஆழமான நெருப்பறையில் விறகு போட்டால் அடிக்கடி நிரப்பவேண்டும், தார் பிடிக்கும், சூடு நிலையாக நிற்காது. பல நூறு கிலோ நிறை. முழுதாகத் தூக்காமல், உள்ளே அடைத்த காப்புத்தூளை வெளியேற்றித் துண்டுதுண்டாகப் பிரித்துத்தான் நகர்த்தவேண்டும். திரும்பப் பொருத்தத் தெரிந்தவர் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். இருக்கும் பங்களாவோடு சேர்த்து வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கிரீமும் வெளிர் பச்சையும் கலந்த பிரிட்டிஷ் கேஸ் குக்கர்கள் நிலக்கரி வாயுவுக்குச் செய்தவை. கொழும்பில் அந்த வாயு குழாயில் வந்த காலம் ஒன்று இருந்தது; புறக்கோட்டையில் கேஸ் வேர்க்ஸ் தெரு என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது. அந்த வாயுவைவிட இன்றைய சிலிண்டர் கேஸ் ஒரே கனவளவுக்கு ஐந்து மடங்குக்கு மேல் சூடு தரும், அழுத்தமும் கூட. பழைய ஜெட்டோடு நேரே இணைத்தால் மஞ்சள் சுவாலை முகம் உயரத்துக்கு எழும், சட்டி கரிப்பிடிக்கும். 28 முதல் 30 மில்லிபார் ரெகுலேட்டருக்குப் பெரிய பேர்னருக்கு 0.85 மில்லிமீற்றர், நடுத்தரத்துக்கு 0.65, சின்னதுக்கு 0.50 ஜெட். நுவரெலியாவில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. சுவாலை நுனி மஞ்சளானால் ஒரு படி சின்ன ஜெட். காற்றுத்துளை வளையத்தைத் திருப்பி நீலம் நிற்கும்வரை சரிசெய்யவேண்டும். இவற்றில் சுவாலை அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் பூட்டு இல்லை. சிலிண்டர் கேஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில் தேங்கும். போறணைப் பேர்னரை அந்தப் பூட்டு இல்லாமல் பாவிக்கவே வேண்டாம்; மேல் பேர்னர் மூன்றையும் பாவித்துக்கொண்டு போறணையைச் சட்டி அடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் டர்க்கொய்சும் அடித்து வந்த மின்சார அடுப்புகள் 120/240 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். 240 வோல்ட் சுருள்கள் நம் 230இல் வேலை செய்யும், நூற்றுக்கு எட்டுப் பங்கு பலம் குறையும், அவ்வளவுதான். விளக்கும் மணிக்கூடும் 120 வோல்ட்; நேரே கொடுத்தால் எரிந்துபோகும், மின்மாற்றி போட்டுக் கொடுத்தாலும் 50 ஹேர்ட்சில் மணிக்கூடு மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். சுருள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வீட்டின் 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு தாங்காது. போறணையை மட்டும் தனி வயரில் இணைத்து எப்போதாவது கேக் சுடலாம்.

ரேபர்னுக்கே தீர்ப்பு என்றபின், காசு கொடுக்குமுன் சில்லறைச் சாமான் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். தணல் கிளறும் கொக்கி, கம்பித்தட்டைக் குலுக்கும் பிடி, சாம்பல் தட்டு, ஹொட்பிளேட் மூடி, போறணைத் தட்டுகள், காற்றுத் திருகு, புகைப்பெட்டியின் துலக்கும் மூடி. இந்தக் கடைசி மூடிதான் அடிக்கடி காணாமல் போவது. அது இல்லாத அடுப்பில் புகை அங்கிருந்துதான் கசியும், ஆட்களோ குழாயைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார்கள். காணாவிட்டால் 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் வெட்டி, ஓரத்தில் கண்ணாடிநார்க் கயிறு வைத்துச் செய்துகொள்ளலாம். எனாமல் மூடி காணாமல் போயிருந்தால் மட்டும் அதற்கேற்ப விலையை இறக்கச் சொல்லுங்கள். அதே பச்சையில் இன்னொன்று கிடைக்காது.